படிக்கட்டு வரை

மறுபடியும் அணைந்துவிட்டது. படிக்கட்டில் பாதிக்கு மேல் ஏறியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஏறினால் மேட்டின் உச்சியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று உலகநாதன் நாற்காலியின் நுனிக்கு வந்த அதே நேரம், ஒரு சத்தம் இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை, திரை கறுத்துப்போய்விட்டது. மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரைந்துகொண்டிருந்த விசிறி மெல்ல மெல்ல இளைத்து நின்றது. கறுத்த திரையில் அவனுடைய முகம் தெரிந்தது. சவரம் செய்யாத முகம், அதற்குப் பின்னால் ஹால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சனிக்கிழமை வெயில். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது என்று எழுந்தான், எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தப் பயமாக இருந்தது. அழுத்தினால் மிஷின் எழுந்துகொள்ளும், அதில் சந்தேகமில்லை, ஒவ்வொரு முறையும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் எழுந்த பிறகு உள்ளே எது இருக்கும், எது இருக்காது என்று யாருக்குத் தெரியும். போன வாரம் இப்படித்தான் விளையாட்டின் நடுவே அணைந்து எழுந்தபோது குளத்தைக் காணோம். குளம் இருந்த இடத்தில் வெட்டி எடுத்த மாதிரி ஒரு சதுரப் பள்ளம், அடியே தெரியாத பள்ளம். தர்ஷினி அதைப் பார்த்துவிட்டு அழவில்லை, கத்தவில்லை. "அப்பா, அம்மா வெட்டின குளத்தக் காணோம்" என்று மட்டும் சொன்னாள், வீட்டில் ஒரு டம்ளரைக் காணோம் என்கிற மாதிரி சொன்னாள். அதன் பிறகு அவள் அந்த விளையாட்டைத் திறக்கவேயில்லை. திறந்தால் அணையும், அணைந்தால் இன்னும் ஏதாவது போகும், ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் மேட்டின் மேல் அவள் அம்மா கோமதி கட்டிய வீடும் போய்விடும் என்று பெற்ற பிள்ளை பயந்துபோய்க் கிடக்கிறாள். அவள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போன நேரம் பார்த்து, அவளுக்குத் தெரியாமல், அப்பன்காரன் அந்த மிஷினை அணைய வைத்து அணைய வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வேறு வழியும் இல்லை. காய்ச்சல் அடிக்கும்போதுதானே காய்ச்சலைப் பார்க்க முடியும்.

பொத்தானை அழுத்தினான். எழுந்தது. எழுந்துகொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்தது, முந்தின தடவையும் வந்தது, வயர் கருகுகிற வாடையா என்று குனிந்து முகர்ந்தால் அதற்குள் காணாமல் போய்விட்டது. மிஷின் தனக்கு நேர்ந்ததையெல்லாம் உள்ளே ஓரிடத்தில் பதிந்து வைக்குமாம், அதை எப்படிப் பார்ப்பது என்று கைபேசியில் யாரோ ஒருவர் பேசிய வீடியோவைப் பார்த்து ஒரு வாரமாக அவனும் பழகியிருக்கிறான். திறந்தான். சிவப்பு வட்டம் போட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, எப்போதும் உள்ள வரி: இதற்கு முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது. எதிர்பாராதது என்பது எனக்குத் தெரியாதா, எதிர்பார்த்திருந்தால் நான் ஏன் உன்னைத் திறந்து பார்க்கிறேன், ஏன் நின்றாய் என்று கேட்டால் திடீரென்று நின்றேன் என்கிறாயே, இது ஒரு பதிலா என்று அந்த வரியோடு அவன் மனதுக்குள் சண்டை போட்டான். கோமதியைப் பார்த்த டாக்டரும் இதைத்தான் சொன்னார். நல்ல மனிதர், தோளில் கை வைத்துத்தான் சொன்னார். "சில பேருக்கு இப்படித்தாங்க. முன்கூட்டி எதையும் காட்டாது. இருந்தாப்ல நின்னுரும்." காலையில் மாவாட்டி வைத்தவள், பால்காரரிடம் தண்ணீர் பாலுக்காக வம்புக்கு நின்றவள், தங்கை வீட்டு வளைகாப்புக்கென்று பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தவள் மற்றக் காலை எடுக்கவில்லை. அவ்வளவுதான். பத்து மாதம் ஆகப்போகிறது. அந்த பஸ் கண்டக்டரைத் தேடிப் போய்க் கேட்டான், ஏதாவது சொன்னாளா, நெஞ்சைப் பிடித்தாளா, முகம் சுளித்தாளா. "நல்லாத்தான் வந்தாங்க அண்ணாச்சி. சிரிச்ச முகமாத்தான் கம்பியப் பிடிச்சாங்க." நல்லாத்தான் வந்தாங்க என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது. அதற்கு முன்னால் ஒரு நாள் மாடிப்படியில் ஏறும்போது சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாளே, என்ன கோமு என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை நீங்கள் போங்கள் என்றாளே, அதுதான் அதுவா, இல்லை அது சும்மா நின்றதா. சும்மாவும் மனுஷி நிற்பாள்தானே. இந்த இடத்துக்கு வந்ததும் அவனுடைய யோசனை எப்போதும் செக்கு மாடு மாதிரி திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும், மாவாட்டினாள், பால்காரர், பச்சைப் புடவை, படி.

விளையாட்டைத் திறந்தான். கட்டைகளை வெட்டி, அடுக்கி, வீடும் வயலும் தெருவும் கட்டுகிற விளையாட்டு. செல்லப்பா, கோமதியின் தம்பி, எங்கிருந்தோ கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தது. யார் யாரோ கைமாற்றிய பிரதி, கட்டினதையெல்லாம் அது மிஷினுக்குள் எந்த மூலையில் சேர்த்து வைக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. சேவியரும் தேடிப் பார்த்தான், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், நாள் முழுக்க இதிலேயே கிடப்பவன். "எங்க போய் உக்காந்திருக்குன்னு தெரியல சார், தெரிஞ்சா ஒரு பென்டிரைவுல எடுத்து வச்சிரலாம்" என்று கைவிரித்துவிட்டான். இதோ ஆற்றங்கரை. இங்கிருந்துதான் ஒவ்வொரு தடவையும் தொடங்குகிறது. ஒரு விரலால் விசையை அழுத்திக்கொண்டேயிருந்தால் நடந்துகொண்டேயிருக்கலாம். தர்ஷினியின் கத்தரித் தோட்டம், கத்தரியா என்னவோ, அவனுக்கு அப்படித் தோன்றுகிறது. வேலி. வேலிக்குள் செம்மறிகள், அதில் ஒன்று நீலம். ஆட்டுக்கு எதற்கு நீலம் என்று கேட்டிருந்தால் ஏன் உங்களுக்கு மட்டும்தான் நீலச் சட்டையா என்று கோமதி கேட்டிருப்பாள். பிறகு தீப்பந்தம் நட்ட பாதை, பாதையின் ஓரம் அந்தச் சதுரப் பள்ளம். அதன் பக்கம் போகாமல் ஒதுங்கி நடந்தான், விழுந்தால் அடிபடப்போவது அவனில்லை என்று தெரிந்தும் உள்ளங்கால் கூசியது. இருபது வருஷமாக நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், பாதிக்கு மேல் இரவு ஷிப்ட். அவன் பகலில் தூங்கிக் கிடந்த நேரத்தில், விடுமுறை நாட்களில், இந்தப் பாதையைத் தாயும் மகளும் போட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டு அவன் விழித்துவிடக் கூடாதென்று ஒரே ஹெட்போனின் இரண்டு குமிழையும் ஆளுக்கு ஒரு காதில் செருகிக்கொண்டு விளையாடுவார்கள். ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன் நிலைவாசலில் நின்று பார்த்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு தோள் மட்டும் குலுங்குகிறது. அவனைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போய்ப் படுத்தான். அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் பிறகு வாய்க்கவேயில்லை. மற்ற நாளெல்லாம் சண்டைதான், பெண்டாட்டியோடு இல்லை, சூரியனோடு. படுக்கையறை ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணி அடித்து மாட்டியும் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்து கண்ணில் குத்தும். அவன் எரிந்து விழுவான். கோமதி இடுக்கில் துணியைச் செருகிக்கொண்டே சொல்வாள், "நானும் அடைக்கிற இடமெல்லாம் அடைச்சுட்டேன். சூரியன அமத்தவா முடியும்?" மேடு வந்துவிட்டது. படிக்கட்டு. முதல் படி, அடுத்தது, அடுத்தது. ஏற ஏறக் கீழே ஊர் விரிகிறது, ஆறு, வேலி, நீல ஆடு. விசிறியின் இரைச்சல் கூடுகிறது. கூடாதே, கூடாதே என்று அவன் பல்லைக் கடித்தான். அணைந்துவிட்டது. போன தடவை ஏறின உயரம்கூட இந்தத் தடவை இல்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அடுக்களையில் தர்ஷினி காலையில் கிளறி மூடி வைத்துவிட்டுப் போன தக்காளிச் சாதம். உப்புக் குறைவு. குறை என்று சொன்னால் அவள் அடுத்த வேளைக்குக் கூட்டிவிடுவாள் என்பதால் சொல்வதில்லை. தட்டோடு வந்து மிஷினுக்கு எதிரிலேயே உட்கார்ந்தான், வியாதிக்காரன் கட்டிலை விட்டு நகராதவன் மாதிரி. செல்லப்பாவிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "விளையாடுனாத்தான அணையுது மச்சான்? பாட்டுக் கேட்டா அணையல, பிள்ளை ஸ்கூல் பாடம் பார்த்தா அணையல. அப்ப விளையாடாம இருந்தா சரியாப் போச்சு." மச்சினன் சொன்னதில் தப்பில்லை. கோமதியும் பஸ்ஸில் ஏறாமல் இருந்திருந்தால் சரியாகப் போயிருக்குமோ என்னவோ. கரண்ட் ஏறி இறங்குகிறதென்று ஒருவன் சொன்னான், ஸ்டெபிலைசர் போட்டான். வயர் லூசு என்றான் இன்னொருவன், புது வயர் போட்டான். ரேம் அட்டையைக் கழற்றி அதன் முனையை ரப்பரால் தேய்த்துப் போடுங்கள் என்றான் சேவியர், அதையும் செய்தான். செய்யும்போது உள்ளே தெரிந்த தூசியையெல்லாம் துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கித்தான் மூடினான். ஒன்றும் நடக்கவில்லை. கைபேசி அடித்தது, சேவியர். "சார், சாயங்காலம் அந்தப் பக்கம் வாரேன், பெட்டிய எடுத்துக்கிறட்டுமா? ஃபார்மட் அடிச்சிட்டா புதுசு மாதிரி ஆயிரும்." புதுசு மாதிரி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. "அடிச்சா அதுல இருக்கிற வீடு என்னாகும் சேவியர்?" "எந்த வீடு சார்?" "விளையாட்டுல கட்டினது." "அது போயிரும்ல சார். மறுபடி கட்டிக்கிற வேண்டியதுதான்." உலகநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான். சேவியர் மேல் கோபமில்லை. "இதுவும் அடிக்கடி இப்படி நின்னா டிஸ்க்கே போயிரும் சார், அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது. யோசிச்சு வைங்க, அஞ்சு மணி வாக்குல வாரேன்." சரி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு தட்டைத் தள்ளி வைத்தான். தர்ஷினி போன ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டையின் கைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டது அந்த ஒன்றைத்தான், கடையில் கொடுத்துவிடாதீர்கள் அப்பா. அவள் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு பின்னிவிட ஆளில்லை என்று தானே போய் முடியைத் தோள் மட்டத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்ற பிள்ளை. அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை, நல்லாயிருக்கும்மா என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை, அது இப்போது நினைத்தாலும் நெஞ்சில் இடிக்கிறது. அஞ்சு மணிக்குச் சேவியர் வருவான், அவளும் கிட்டத்தட்ட அப்போதுதான் வருவாள்.

கை கழுவிவிட்டு வந்து மறுபடி திறந்தான். ஆற்றங்கரை, தோட்டம், வேலி, பந்தம், பள்ளம், படி. இந்தத் தடவை முந்தின எல்லாத் தடவையையும்விட அதிக தூரம் ஏறினான். உச்சியில் ஒரு கூரையின் விளிம்பு தெரிந்தது. சிவப்புக் கூரை. கோமு, என்று வாய்விட்டுச் சொன்னான், அவள் அடுக்களையில் இருக்கிற மாதிரி. அதோடு அணைந்தது. ஆனால் இந்தத் தடவை அவன் கறுத்த திரையைப் பார்க்கவில்லை, சாப்பிட்டுக் கழுவின கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தடுத்து உடனே போட்டபோது சீக்கிரம் அணைந்தது. சாப்பிட எழுந்துபோய் ஆறவிட்டுப் போட்டபோது அதிகம் தாங்கியது. இது அவனுக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. மில்லில் மோட்டார் இப்படித்தானே நிற்கும், சுமை கூடிச் சூடு ஏறினால் ஓவர்லோடு ரிலே தட்டிக் கரண்டை நிறுத்திவிடும், ஆறின பிறகு பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும், மறுபடி சூடேறினால் மறுபடி தட்டும். மேலே ஏற ஏறக் கண்ணுக்குத் தெரிகிற ஊர் பெரிதாகிறது, அத்தனையையும் வரைந்து காட்ட மிஷினுக்கு வேலை கூடுகிறது, சூடேறுகிறது. பாட்டுக்கும் பாடத்துக்கும் இந்தச் சூடு வராது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்தவன் கதையாக, தினமும் மில்லில் பார்க்கிற ஒன்றை வீட்டில் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. கம்ப்யூட்டர் என்றால் அது ஏதோ மூளை சம்பந்தப்பட்டது, தன் கைக்கு அடங்காதது என்று நினைத்துவிட்டான். தரையில் உட்கார்ந்து பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தான். கொதித்தது. அப்போது மறுபடி அந்த வாடை. இந்தத் தடவை ஓடிப்போகவில்லை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். வயர் கருகல் இல்லை. இது வேறு. இது அவனுக்குத் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிற பேர் மாதிரி தெரியும், கண்ணை மூடினான், வெள்ளிக்கிழமை என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை, ஈரம், நல்லெண்ணெய், சீயக்காய். கோமதியின் முடி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து இந்த நாற்காலியில்தான் உட்காருவாள், இடுப்பு வரை தொங்குகிற முடியை நாற்காலி முதுகுக்குப் பின்னால் போட்டு, கீழே தூபக்காலில் சாம்பிராணிப் புகை. முடி காய்கிற வரைக்கும் அவளும் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் காதில் குமிழோடு இந்தப் படிகளை அடுக்குவார்கள். மிஷினிலிருந்து வந்தது சாம்பிராணி வாசனை.

இரவு ஷிப்டில் எத்தனையோ மோட்டாரைப் பிரித்தவன் திருப்புளியை எடுத்துவந்து இந்தச் சின்னப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். பக்கத் தகட்டைக் கழற்றினான். விசிறி மேலே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது, அவனே துடைத்ததாயிற்றே. மோட்டாரும் மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும், அடைப்பெல்லாம் மூடிக்கு உள்ளேதான். விசிறியைப் பிடித்திருந்த நாலு முனையையும் தளர்த்தித் தூக்கினான். அடியில், சூட்டை வெளியேற்ற வேண்டிய அலுமினியத் தகடுகளின் மேல், தோசை வார்த்த மாதிரி வட்டமாக ஒரு படலம் படிந்திருந்தது. நகத்தால் கிளப்பினான், முழுசாக வந்தது. கம்பளி மாதிரி இருந்தது. அடிப்பக்கம் வெள்ளை, அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டாம், அவன் சட்டையிலும் காதோரத்திலும் தினமும் வீட்டுக்கு வந்து இறங்குகிற மில் பஞ்சு. அதன் மேல் பழுப்பாகப் பிசுபிசுவென்று சாம்பிராணிப் புகை, ஒன்றன் மேல் ஒன்றாக, பஞ்சைப் பிடித்து இறுக்கியிருந்தது. மேற்புறத்துப் பிசுக்கு மட்டும் இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது, வாசனை தூக்கியடித்தது. இது பத்து மாதத்துக்கு முந்தின புகை இல்லை. தலையைத் திருப்பினான். மேஜைக்குக் கீழே, பெட்டிக்குப் பக்கத்தில், தினமும் பார்த்தும் பார்க்காத அந்தத் தூபக்கால் அதே இடத்தில் இருந்தது, அதில் சிரட்டைக் கரித்துண்டும் புதுச் சாம்பலும். நேற்று வெள்ளிக்கிழமை. அவன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, விளையாடக்கூடப் பயந்துகொண்டு, வெறும் நாற்காலிக்குப் பின்னால் அந்தப் பிள்ளை புகை போட்டிருக்கிறாள். விசிறியைத் திருப்பினான், அதன் அச்சில் ஏதோ சுற்றிக்கொண்டு கிடந்தது, சுற்றைப் பிரித்தான், வந்துகொண்டேயிருந்தது, ஒரு கை நீளம், அதற்கும் மேல். தோள் மட்டத்து முடி இவ்வளவு நீளம் வராது. உலகநாதன் தரையில் உட்கார்ந்தபடியே அழுதான். மிஷினுக்குக் காரணம் இருந்தது, எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கும்படியாக இருந்தது. கோமதிக்கு இல்லை. அவளைப் பிரித்து இது என்று காட்டக்கூடிய ஒன்று யாரிடமும் இல்லை, டாக்டரிடமும் இல்லை, கண்டக்டரிடமும் இல்லை, மாடிப்படிச் சுவரிடமும் இல்லை, இனிமேல் யார் வந்தும் சொல்லப்போவதில்லை. அது தெரிந்ததும் ஏதோ ஒன்று உள்ளே செக்கிலிருந்து அவிழ்ந்துகொண்டது. வலிக்கத்தான் செய்தது, ஆனால் சுற்றவில்லை. சீப்பில் வருகிற முடியை அவள் விரலில் சுற்றி ஜன்னல் கம்பியின் மூலையில் செருகி வைப்பாள், வீட்டுக்குள் முடி பறந்தால் சண்டை வரும் என்பாள். அவனும் அந்த நீள முடியை விரலில் சுற்றினான், எழுந்துபோய் அந்த மூலையிலேயே செருகினான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்துவந்து தகடுகளுக்கு நடுவில் ஊதி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தர்ஷினி பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள், தரையில் பிரித்துப் போட்ட மிஷினைப் பார்த்து. "கடைக்குக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். "இல்லம்மா, நானே பாக்கேன்." "அணைய வச்சுப் பார்த்தீங்களா?" பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தான். "பார்த்தேன். ரொம்பத் தடவ." அவள் முகம் போன போக்கைப் பார்க்க அவனால் முடியவில்லை. "வீடு இருக்காப்பா?" "கூரை தெரிஞ்சது. அதுக்கு மேல போக விடல." செய்தித்தாளில் எடுத்து வைத்திருந்த அந்தப் படலத்தைக் காட்டினான். "இதுதான் மூச்ச அடைச்சிருக்கு." அவள் குனிந்து எடுத்தாள், திருப்பினாள், முகர்ந்தாள். முகர்ந்ததும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. படலத்தைத் திரும்ப வைத்துவிட்டு, பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் புகை போட்டதுனாலதான் குளம் போச்சா?" என்று கேட்டாள். பத்து மாதமாக அவன் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். "நீ மட்டுமில்லடா. இந்தா, இது என் சட்டைப் பஞ்சு. இது அம்மா போட்ட புகை. இது நீ போட்டது. எல்லாரும் சேர்ந்துதான் அடைச்சு வச்சிருக்கோம்." அவள் குனிந்து அந்தப் பழுப்பை விரலால் தொட்டாள். பிறகு, "இனிமே போடக் கூடாதா?" "போடு. அந்த ஜன்னல்கிட்ட வச்சுப் போடு. மிஷின் பக்கம் வேண்டாம்." சரி என்று தலையாட்டினாள். வெட்டின முடி முகத்தில் விழுந்தது. "இந்த முடி உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான், காலம் கடந்துதான், ஆனாலும் சொன்னான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள், இதை எதற்கு இப்போது சொல்கிறார் என்று. சேவியருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றான். "சரியாயிருச்சா சார்?" "இன்னும் தெரியல. போட்டுப் பார்க்கணும்."

போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்தார்கள், அவள் ஹெட்போனின் ஒரு குமிழை அவன் காதில் செருகிவிட்டு, "நீங்களே போங்க, நான் சொல்றேன்" என்றாள். ஆற்றங்கரை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது, இதற்குச் சத்தம் உண்டென்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும். தோட்டம், வேலி, நீல ஆடு கத்தியது. பள்ளம் பள்ளமாகத்தான் இருந்தது; அவள் அதைப் பார்க்காமல் முன்னால் பார்த்தாள். படி. அவன் ஒவ்வொரு படிக்கும் மூச்சைப் பிடித்தான். விசிறி இரைந்தது, ஆனால் திணறுகிற இரைச்சல் இல்லை, வேலை செய்கிற இரைச்சல். அணைந்த இடம் வந்தது, போனது. சாப்பாட்டுக்குப் பிறகு அணைந்த இடமும் போனது. சிவப்புக் கூரை, அதற்குக் கீழே சுவர், கதவு. தர்ஷினியின் விரல்கள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தன, அழுத்தவில்லை, சும்மா பிடித்திருந்தன. வீடு முழுசாக இருந்தது. உள்ளே அடுப்பு, அலமாரி, வரிசையாக ஜன்னல்கள், எல்லா ஜன்னல் வழியாகவும் வெயில். "பின்பக்கம் ஒரு கதவு இருக்கு, அதுல போங்க" என்றாள். அந்தக் கதவின் வழி மேட்டுக்குள்ளேயே இறங்கிப் போயிற்று. நுழைந்தான். கதவு பின்னால் சாத்திக்கொண்டது, திரை முழுக்கக் கறுத்துவிட்டது.

கை விசையிலிருந்து தானாக விலகியது. கறுத்த திரையில் அவன் முகமும் அவள் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. போய்விட்டது, இவ்வளவு தூரம் வந்து, அவள் கண் முன்னாலேயே.

"அணையலப்பா" என்றாள் தர்ஷினி. "விசிறி ஓடுது பாருங்க."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதுக்குள்ளே, எங்கோ தூரத்தில், ஆற்றுத் தண்ணீர்கூட ஓடிக்கொண்டிருந்தது.

"இது உங்க ரூம். நான் ஜன்னல் வச்சேன், அம்மா வேண்டாம்னு எடுத்துருச்சு. மலைக்குள்ள தோண்டிக் கட்டினா ஒரு பொட்டு வெளிச்சம் வராது, அப்பா பகல்ல நல்லாத் தூங்குவாருன்னு சொல்லிச்சு. கட்டில்கூட இருக்கு, இருட்டுல தெரியாது." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள், "ஒரு பந்தம் வைக்கட்டுமாப்பா? பார்க்கீங்களா?"

"வேண்டாம்" என்றான் உலகநாதன். "இப்படியே இருக்கட்டும்."